ஆறாவது ஃப்ரெட்டில் அடங்கிய சுரம்

ஆறாவது ஃப்ரெட்டில் மட்டும் சுரம் நிற்கவில்லை.

அண்ணி செய்து கொடுத்த பேஸ் கிட்டாரில் நான்கு தந்திகள். கழுத்தின் குறுக்கே இருபத்தொரு உலோகக் கம்பிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத்தான் ஃப்ரெட் என்போம். எந்த ஃப்ரெட்டை ஒட்டித் தந்தியை அழுத்துகிறோமோ, அங்கிருந்து தந்தி நீளம் குறைந்து சுரம் மாறும். நான்கு தந்தி, இருபத்தொரு ஃப்ரெட். ஆக எண்பத்து நான்கு இடங்கள். அதில் எண்பத்து மூன்று இடங்களில் மீட்டினால் ஒலி கம்பீரமாக எழுந்து, ஒன்பது பத்து விநாடி நின்று, மெல்லத் தேய்ந்து மறைந்தது. ஒரே ஓர் இடத்தில், இருப்பதிலேயே மெல்லிய தந்தியின் ஆறாவது ஃப்ரெட்டில், 'டும்' என்று ஆரம்பித்து இரண்டு விநாடிக்குள் அடங்கிவிட்டது. பக்கத்திலிருக்கும் ஐந்துக்கும் ஏழுக்கும் ஒரு குறையும் இல்லை.

எண்பத்து நான்கில் ஒன்றுதானே என்று விட்டுவிடலாம். சனிக்கிழமை காலை நாங்கள் ஒலிப்பதிவு செய்யவிருந்த பாட்டு அந்த ஒன்றில்தான் தொடங்குகிறது. மற்ற வாத்தியங்கள் எல்லாம் சும்மா இருக்க, பேஸ் மட்டும் தனியாக அந்தச் சுரத்தை எடுத்து எட்டு எண்ணிக்கை பிடித்து நிற்க வேண்டும். அது அடங்கும் நேரத்தில் பாடகி நுழைவாள்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில்தான் அந்தச் சுரத்தை முதல்முறையாக நீட்டிப் பிடிக்கப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார்.

"ஏம்மா, எட்டு எண்ணணும்னு சொன்னேன். ரெண்டுலயே தூங்கிட்டியே?"

"நான் தூங்கல சார். இதுதான் தூங்கிடுச்சு."

"எது? உங்க அண்ணி செஞ்சதா? ரெண்டு மாசமா அதைப் பத்தித்தானே பேசிட்டிருந்தே!"

உண்மைதான். ஸ்டுடியோவில் டீ கொண்டு வருகிறவர் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன், என் அண்ணி தன் கையால் பேஸ் கிட்டார் செய்கிறாள் என்று. அவர் மறுபடி இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். இரண்டு முறையும் அதே கதை. கடைசியில் தணிந்த குரலில் சொன்னார்: "சனிக்கிழமை எதுக்கும் பழசையும் கொண்டு வந்துடு."

இதை வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்ததுதான் நான் செய்த பிழை.

அண்ணி கோபப்படவில்லை. கையிலிருந்த உப்புத்தாளை மடித்து மேசைமேல் வைத்தாள். "பழசை எடுத்துட்டுப் போறதா இருந்தா இது வேணாம். ரெண்டுல ஒண்ணு எடுத்துட்டுப் போ. இது ஒழுங்கா இருந்தா இது மட்டும் போதும். ஒழுங்கா இல்லேன்னா இது இந்த ஷெட்டை விட்டு வெளியவே வரக் கூடாது."

"ஒரு இடம்தானே அண்ணி. அதே சுரம் அடுத்த தந்தியில பதினோராவது ஃப்ரெட்ல இருக்கு. அங்க நல்லா நிக்குது. கையை மாத்தி வச்சு வாசிச்சுக்கிறேன்."

"அப்ப நான் செஞ்ச வீட்டுல ஒரு ரூமுக்குள்ள மட்டும் யாரும் போகக் கூடாதுன்னு சொல்லிச் சாவி குடுக்கணுமா?"



அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக அலமாரிக் கதவுகள் செய்யும் பட்டறையில் வேலை. ஒரு பலகையை விரலால் தட்டிப் பார்த்து, மழைக்காலத்தில் எந்தப் பக்கம் வளையும் என்று சொல்லிவிடுவாள். நான்கு வருடத்துக்கு முன் என் பழைய கிட்டாரின் கழுத்து முறுக்கிக்கொண்டபோது, "குடு பாக்கலாம்" என்று வாங்கிப் பிரித்தாள். பிரித்தவளுக்கு அதன்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. கார் நிறுத்தும் ஷெட்டின் பாதியை அடைத்துக்கொண்டாள். இப்போது பட்டறையில் அரை நாள், ஷெட்டில் அரை நாள். அண்ணனின் சைக்கிள் அன்றிலிருந்து மழையில் நனைகிறது. ஆனால் அண்ணியால் ஒரு பாட்டின் ஒரு வரிகூட வாசிக்க முடியாது. கட்டை விரலால் ஒவ்வொரு இடமாக மீட்டிப் பார்ப்பாள், எண்பத்து நான்கு முறை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த வாசிப்பு.

முதலில் செய்தது ஆறு கிலோ. அண்ணன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கிட்டார்னு சொன்னே, கதவைக் குடுத்திருக்கே" என்றான். இரண்டாவதின் எடை சரியாக இருந்தது, ஆனால் தலை கனம். பேஸுக்குக் கழுத்து நீளம். அந்த நுனியில் தந்தியை முறுக்கும் சாவிகள் நான்கு இருக்கின்றன. அவை கனமாக இருந்தால் கையை எடுத்தவுடன் தலை தரையை நோக்கிச் சாயும். இடது கை வாசிக்கவும் வேண்டும், தூக்கிப் பிடிக்கவும் வேண்டும். ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும்.

மூன்றாவதுதான் இது. தலையைச் சிறிதாக்கி, சாவிகளை எடை குறைந்த உலோகத்தில் தேடிப்பிடித்து, உடலின் மேல்பக்கம் கொம்புபோல நீண்டிருக்கும் முனையை இன்னும் இரண்டு விரல் நீட்டினாள். கொம்பின் நுனியில்தான் தோளில் போடும் வாரை மாட்டுகிறோம்; அந்தப் புள்ளி தலைப்பக்கம் நகர நகரத் தராசு நமக்குச் சாதகமாகத் திரும்பும். மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விட்டேன். நின்றது, காற்றில் கிடைமட்டமாக, யாரோ பிடித்திருப்பதுபோல. மூன்றரைக் கிலோ. கழுத்தின் பின்புறம் உள்ளங்கைக்குள் இழைந்து போயிற்று. என் கைக்கு அளவெடுத்துச் செய்தது என்பது அப்போதுதான் உறைத்தது. போன மழைக்காலத்தில் ஒருநாள் அண்ணி என் இடது கையை மேசைமேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். எதற்கு என்று கேட்டதற்குச் சும்மா என்றாள்.

ஒலியும் அப்படித்தான். அடித் தந்தியை மீட்டினால் வயிற்றில் தெரியும், ஆனால் குழம்பாது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியே முகம் கழுவிவிட்டு வந்ததுபோல இருக்கும். என் பழைய கிட்டார் பெரிய தொழிற்சாலையில் செய்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதை ஒரு வாரம் வாசித்துவிட்டு அதைத் தொட்டால், ஈரத் துணியைப் பிழிவதுபோல இருந்தது. இதனால்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

புதன்கிழமை கிட்டாரை அண்ணியிடம் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் வந்து கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "ஆறாவது நல்லா நிக்குது."

"நிக்காது அண்ணி."

"நின்னுச்சு. உங்க அண்ணனே கேட்டாரு."

அண்ணன் நீச்சல் பயிற்சியாளன். கழுத்தில் விசிலும் ஸ்டாப்வாட்ச்சும் தொங்காமல் அவனை நான் பார்த்ததில்லை. "ஒன்பது புள்ளி நாலு" என்றான் பெருமையாக. "என் பசங்கள்ள எவனாவது அவ்வளவு நேரம் மூச்சடக்கினா தோள்ல தூக்கி வச்சுக்குவேன்."

மாடிக்கு என் அறைக்கு எடுத்துப்போனேன். ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்பில் இணைத்தேன். ஆறாவது ஃப்ரெட். டும். அடங்கிவிட்டது.

இப்படித்தான் இரண்டு நாள் போயிற்று. கீழே ஷெட்டில் நிற்கும்; மேலே என் அறையில் நிற்காது. எனக்குச் சந்தேகம் என் ஆம்ப்பின்மேல். மாற்றினேன். வயரை மாற்றினேன். வேறு ப்ளக் பாயிண்டில் செருகினேன். அண்ணிக்குச் சந்தேகம் தந்தியின்மேல். நான்கையும் கழற்றிப் புதிதாகப் போட்டாள். பிறகு ஃப்ரெட்டின்மேல். ஏழாவது ஃப்ரெட் இம்மி உயரமாக இருந்தால் ஆறாவதில் அழுத்தும்போது தந்தி அதில் உரசி அடங்கிவிடும். இரும்பு அளவுகோலைப் படுக்க வைத்து வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பார்த்தாள். எல்லாம் ஒரே மட்டம். அடுத்து பிக்கப். தந்திக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றி மயிரிழைச் செப்புக்கம்பியும் இருக்கிற பெட்டி அது. எஃகுத் தந்தி காந்தத்துக்கு மேலே அதிரும்போது செப்புக்கம்பிக்குள் துளி மின்சாரம் பிறக்கும். அதைத்தான் ஆம்ப் பெரிதாக்கிக் கொடுக்கிறது. காந்தம் மிக அருகில் இருந்தால் தந்தியை இழுத்துப் பிடித்து அதிரவிடாமல் செய்யும். அதையும் இரண்டு மில்லிமீட்டர் கீழே இறக்கினாள். கீழே நின்றது. மேலே நிற்கவில்லை.

வியாழன் மாலை அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுக்குப் புகுந்த வீடு புடிக்கல. பொறந்த வீட்டுல வாயாடுது, இங்க வந்தா ஊமையாயிடுது."

"எரிச்சலைக் கெளப்பாதே அண்ணா."

"நான் சீரியஸா சொல்றேன் வாலு. நீ அதைக் கொஞ்சம் அன்பா வச்சுக்கணும்."

தலையணையை அவன்மேல் எறிந்தேன். ஆனால் அவன் போன பிறகு அந்தக் கிண்டல் மனதில் தங்கிவிட்டது. பொருள் மாறவில்லை, இடம்தான் மாறுகிறது. அப்படியென்றால் இடத்தில் ஏதோ இருக்க வேண்டும். அண்ணி என் அறைக்கு வந்து கேட்கவில்லை; நான் ஷெட்டுக்குப் போய் வாசிக்கவில்லை. அவள் சொன்னதை நான் நம்பவில்லை, நான் சொன்னதை அவள் நம்பவில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று கேட்காமல் இரண்டு நாளை வீணடித்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை காலை வகுப்புக்கு லீவு சொல்லிவிட்டு ஷெட்டுக்கு இறங்கினேன். அண்ணனுக்கு நீச்சல் குளத்தில் தண்ணீர் மாற்றுகிற நாள், அவனும் வீட்டில்தான்.

ஷெட் எப்போதும்போல இருந்தது. சுவரில் உளிகள் உயரவாரியாக. சன்னலோரம் மேசை. மேசைமேல் கம்பளித் துணி விரித்து அதில் கிட்டார் மல்லாந்து படுத்திருந்தது. உடல் துணிமேல், கழுத்தின் நுனி, தலைக்குச் சற்று முன்னால், ஒரு மரக்கட்டையில் பதிந்திருந்தது. கட்டையின் நடுவில் வளைவாகக் குடைந்து, சைக்கிள் ட்யூப் ரப்பரை ஒட்டியிருந்தாள். கழுத்தில் ஒரு கீறல் விழக் கூடாதே என்று அவளே செய்தது. அதற்குத் 'தலகாணி' என்று பெயர்.

"மீட்டுங்க அண்ணி."

மீட்டினாள். ஆறாவது ஃப்ரெட் முழங்கியது. அண்ணன் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினான். ஒன்பதரை விநாடி. சத்தியமாக நின்றது. என் காதாலேயே கேட்டேன்.

"நான் சொன்னப்ப நம்பினியா?" என்றாள் அண்ணி.

"இருங்க. நான் வாசிக்கிறேன்." படுக்க வைத்த கிட்டாரை எனக்கு வாசிக்க வராது. வாரை மாட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். ஆம்ப் அதேதான், வயர் அதேதான், சன்னலுக்கு முன்னால் அதே இடம். ஆறாவது ஃப்ரெட்.

டும்.

 அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. தான் செய்த பொருளின் குறையை அவள் முதல்முறையாகக் காதால் கேட்கிறாள்.

"மறுபடி படுக்க வை" என்றாள்.

வைத்தேன். மீட்டினாள். முழங்கியது.

"தூக்கு."

தூக்கினேன். அடங்கியது.

"படுத்தா பேசுது, எழுந்தா பேசல" என்றான் அண்ணன். "ஞாயித்துக்கிழமை நான் இருக்கிற மாதிரி."

அண்ணி சிரிக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கிட்டாரைத் திரும்பப் படுக்க வைத்து, கழுத்தை ஒரு கையால் தூக்கி, தலகாணியை உருவி எடுத்தாள். இப்போது உடல் மட்டும் துணிமேல், கழுத்து அந்தரத்தில். மீட்டினாள்.

டும்.

"தலகாணி" என்றாள் மெதுவாக. "நாலு வருஷமா இதுமேல வச்சுத்தான் எல்லாத்தையும் கேட்டிருக்கேன்."

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த தவறு அதுதான். வாசிக்கத் தெரியாததால் அவள் ஒருநாளும் தோளில் மாட்டிக் கேட்டதில்லை. ஷெட்டில் ஒரு வார்கூடக் கிடையாது. கழுத்துக்கு நோகக் கூடாது என்று அவள் செய்த கட்டை, கழுத்தின் குறையையும் சேர்த்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கோ கட்டை என்று ஒன்று இருப்பதே உறைக்கவில்லை.

"கழுத்து என்னமோ பண்ணுது" என்றாள். "நீ மாட்டிட்டு மீட்டு. நான் தொட்டுப் பாக்குறேன்."

மீட்டினேன். அவள் இரண்டு விரல் நுனியால் தலையின் ஓரத்தைத் தொட்டாள். உடனே கையை எடுத்தாள், சூடு பட்டதுபோல. "ஆடுது! நீயும் தொடு."

தொட்டேன். கண்ணுக்குத் தெரியாத அதிர்வு, பூனை உறுமும்போது அதன் கழுத்தில் கைவைத்தால் தெரியுமே, அப்படி. ஐந்தாவது ஃப்ரெட்டில் மீட்டித் தொட்டேன்: லேசாக. ஏழாவதில்: லேசாக. ஆறாவதில் மட்டும் தலை முழுக்கச் சிலிர்த்தது. அண்ணி தலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மீட்டினேன். ஒன்பது விநாடி!

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஊஞ்சலுக்கும் போய் வருவதற்கென்று ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்குச் சரியாகத் தள்ளினால், சுண்டு விரலால் தள்ளினாலும் உயரப் போகும். நேரம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலம் போட்டாலும் அசட்டுத்தனமாக ஆடும். கிட்டாரின் கழுத்தும் ஒரு ஊஞ்சல்தான். ஒரு நீளமான மரத்துண்டு, ஒரு முனை உடலோடு இறுகியிருக்கிறது, மறுமுனை சும்மா இருக்கிறது. தட்டினால் தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும். ஆறாவது ஃப்ரெட்டின் சுரத்துக்குத் தந்தி விநாடிக்குச் சுமார் நூற்று முப்பத்தொன்பது முறை அதிர்கிறது. இந்தக் கழுத்தும் தற்செயலாக அதே வேகம். தந்தி ஒவ்வொரு முறை அதிரும்போதும் கழுத்தைச் சரியான நேரத்தில் தள்ளுகிறது. கழுத்து ஆட ஆட, தந்தியின் பலமெல்லாம் மரத்துக்குள் வடிந்துவிடுகிறது. பதினோராவது ஃப்ரெட்டில் அதே சுரம் நின்றதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது: அந்த இடம் உடலுக்குப் பக்கம், அங்கே கழுத்து அவ்வளவாக அசையாது. ஊஞ்சலைக் கட்டிய மரக்கிளைக்கு அருகில் கயிற்றைத் தள்ளிப் பாருங்கள், அசையுமா?

"புரிஞ்சிடுச்சு" என்றான் அண்ணன். "நாளைக்கு நான் கூட வரேன். அவ வாசிப்பா, நான் பக்கத்துல நின்னு தலையைப் புடிச்சுக்கிறேன். பேப்பர்ல என் பேரும் வரும்."

"கொஞ்சம் வாயை மூடிட்டு அந்த கிளாம்ப்பை எடுத்துக் குடுங்க கோச் ஐயா."

அண்ணி ஒரு சிறிய இரும்பு கிளாம்ப்பைத் தலையில் மாட்டி முறுக்கினாள். யாரும் பிடிக்காமலேயே ஆறாவது ஃப்ரெட் கணீரென்று நின்றது. அண்ணன் கைதட்டினான். நான் வேகமாக மற்ற ஃப்ரெட்டுகளையும் வாசித்துக்கொண்டே வந்தேன். நான்காவதில் கை நின்றது.

டும்.

"இங்க வந்துடுச்சு" என்றேன்.

அண்ணி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆனால் அவள் சோர்ந்து உட்காரவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. இரும்பு அளவுகோலை எடுத்து, பாதியை மேசைமேல் அழுத்தி, வெளியே நீட்டிய பாதியைச் சுண்டிவிட்டாள். ட்ரர்ர் என்றது. அதன் நுனியில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி மறுபடி சுண்டினாள். ட்ர் ட்ர் ட்ர் என்று நிதானமாக ஆடியது.

"நுனியில கனம் ஏறினா ஆட்டம் மெதுவாகுது" என்றாள். "கிளாம்ப் ரொம்ப கனம், அதனால ரெண்டு ஃப்ரெட் கீழ எறங்கிடுச்சு. கம்மியா ஏத்தினா கம்மியா எறங்கும். அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல கொண்டு போய் நிறுத்திட்டா?"

"நடுவுல சுரமே இல்லையே அண்ணி."

"அதான் சொல்றேன்."

அண்ணனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "ஆமா! ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல பஸ் நின்னா ஏற ஆளே இருக்காது!"

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கித்தான் ஒரு உருப்படியான வார்த்தை பேசியிருக்கீங்க."

டப்பாவிலிருந்து ஒரே அளவான நட்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றும் சுமார் பத்து கிராம். ஒவ்வொன்றாகத் தலையின் பின்புறம் டேப் வைத்து ஒட்டினாள். நான் ஐந்தையும் ஆறையும் மீட்டினேன்; அண்ணன் நேரம் பார்த்தான்; அண்ணி சுவரில் பென்சிலால் எழுதினாள். ஒரு நட்டு: ஆறாவது மூன்று விநாடி. இரண்டு: நாலரை. மூன்று: ஆறு. நான்காவதை ஒட்டியதும் ஆறாவது எட்டரைக்கு ஏறியது, ஐந்தாவது எட்டாகக் குறைந்தது. ஐந்து நட்டு வைத்தபோது ஆறாவது இன்னும் நன்றாக நின்றது, ஆனால் ஐந்தாவது நான்கு விநாடியில் படுத்துவிட்டது. ஐந்தாவது நட்டை எடுத்துவிட்டாள். நான்கையும் டேப்போடு உரித்து, சமையலறைத் தராசில் வைத்தோம். நாற்பத்திரண்டு கிராம்.

இங்கேதான் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. "தலையில கனத்தைக் கொறைக்க அஞ்சு மாசம் அலைஞ்சேன். இப்ப நானே ஏத்துறேன்" என்றாள். நட்டுகளை மறுபடி ஒட்டி, வாரை மாட்டி, இரண்டு கையையும் விடச் சொன்னாள். விட்டேன். தலை ஒரு விரல் அகலம் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் பிடித்து அளந்தாள். ஐந்து நிமிடம் அப்படியே நிற்கவைத்து மறுபடி அளந்தாள். இறங்கவில்லை.

"தோள் வலிக்குதா?"

"இல்ல அண்ணி."

"எனக்காகச் சொல்லாதே."

"உங்களுக்காகப் பொய் சொல்ற ஆளா நானு? நிக்கலேன்னு செவ்வாக்கிழமையே மூஞ்சிக்கு நேரா சொன்னவதானே?"

அப்போதுதான் சிரித்தாள்.

மத்தியானம் முழுக்கப் பித்தளைத் தகடு ஒன்றை அறுத்து ராவினாள். தலையின் வளைவுக்கு ஏற்ற வடிவம், ஓரங்கள் விரலில் படாமல் மழமழவென்று. முதலில் ஐம்பத்தொன்று. ராவினாள்; நாற்பத்தாறு. திருகாணி இரண்டையும் தராசில் சேர்த்து வைத்து மறுபடி ராவினாள். நாற்பத்திரண்டில் நிறுத்தினாள். பொருத்தி முடித்ததும் ஒரு காரியம் செய்தாள்: என் வாரை வாங்கி, முதல்முறையாகத் தானே தோளில் மாட்டிக்கொண்டு, கட்டை விரலால் எண்பத்து நான்கு இடத்தையும் நின்றபடியே மீட்டிக் கேட்டாள். முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அண்ணனும் நானும் ஷெட் வாசலில் உட்கார்ந்து கேட்டோம். அண்ணன் ஒரு கிண்டலும் செய்யவில்லை. நடுவில் ஒரு தடவை என் காதோடு, "எப்படி நிக்கிறா பாத்தியா?" என்றான். அவ்வளவுதான்.

சனிக்கிழமை பழைய கிட்டாரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஒலிப்பதிவாளர் என் கையில் ஒரே ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். அண்ணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவருக்குப் பின்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். மரத்தூள் ஒட்டிய செருப்பை நாற்காலிக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டாள்.

விளக்கு சிவந்தது. ஆறாவது ஃப்ரெட்டில் விரலை வைத்தேன். மீட்டினேன்.

ஒன்று, இரண்டு. வழக்கமாக அடங்கும் இடம் கடந்துவிட்டது. மூன்று, நான்கு. சுரம் அறையின் நடுவில் தூண்போல நின்றது. ஐந்து, ஆறு. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு. எட்டில் பாடகி நுழைந்தாள். அவள் குரலுக்குக் கீழே அது இன்னும் மிச்சமிருந்தது.

பாட்டு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றினார். இரண்டாவது முறை எடுக்கச் சொல்லவில்லை. அண்ணி பின்தொடரக் கதவைத் திறந்துகொண்டு வந்து, கிட்டாரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஏம்மா, செவ்வாக்கிழமை ரெண்டு விநாடியில போன சுரம், இன்னிக்கி எப்படி நிக்குது? என்ன பண்ணீங்க?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. ஊஞ்சல், அளவுகோல், பஸ் என்று அரை மணி நேரம் சொல்ல விஷயம் இருந்தது. "செஞ்சவங்களையே கேளுங்க சார்" என்று அண்ணியை முன்னால் தள்ளினேன்.

அண்ணி கிட்டாரை வாங்கித் திருப்பித் தலையின் பின்புறத்தைக் காட்டினாள். 

"கழுத்து ஆடுற வேகமும் அந்தச் சுரத்தோட வேகமும் ஒண்ணா இருந்துச்சு சார். அதனால தந்தியோட பலத்தைக் கழுத்து குடிச்சிடுச்சு. தலைக்குப் பின்னால நாப்பத்திரண்டு கிராம்ல பித்தளைத் தகடு வச்சு, ரெண்டு திருகாணி போட்டேன். இப்ப கழுத்தோட வேகம் அஞ்சாவது ஃப்ரெட்டுக்கும் ஆறாவது ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்கு. அங்க சுரம் எதுவும் இல்ல."